இனிப்பு வெள்ளை லூபின் விதை: எந்த நிலத்துக்கு வாங்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

மேற்கு கேப் மாநிலத்தில் மாம்ஸ்பரி, மூரீஸ்பர்க் பக்கம் கோதுமை போடுகிறவர்களுக்கு லூபின் என்ற பயறு புதிதல்ல. டர்பன், வெருலம், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அது இன்னும் பெயரளவில் மட்டும் தெரிந்த பயிர். அண்மையில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சோயாப் பிண்ணாக்கு விலையைச் சமாளிக்க இந்த இனிப்பு வெள்ளை லூபினைப் போட்டுப் பார்க்கலாமா? அதற்காகவே இந்த மதிப்பீடு. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சரக்கை நாங்கள் எடைபோடவில்லை. விதை மூட்டை, அதோடு வாங்க வேண்டிய, வேர்முடிச்சு பிடிக்க விதையில் பூசும் நுண்ணுயிர்ப் பொட்டலம், இரண்டையும் நம்பி இறங்கும் பயிர் ஆகிய மூன்றையும் ஒரே கொள்முதலாக வைத்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். மணற்பாங்கான, சுண்ணாம்பு இல்லாத, தண்ணீர் நிற்காத நிலமும் குளிர்கால ஈரமும் இருந்தால் இது அருமையான பயிர், தயங்காமல் வாங்கலாம். கோடை மழையில் குவாசூலு-நட்டால் கரையோரத்தில் விதைக்க நினைத்தால் வாங்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் கீழே உள்ளதைப் படித்துவிட்டு முதல் ஆண்டு கால் ஹெக்டேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

'இனிப்பு' என்ற சொல் பலரை ஏமாற்றுகிறது. இதில் சர்க்கரைச் சுவை கிடையாது. கசப்பு இல்லை என்பதுதான் பொருள். நாட்டு வெள்ளை லூபினில் லூபனின் முதலிய ஆல்கலாய்டுகள் (கசப்பு நச்சுப்பொருள்கள்) நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் இருக்கும். பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைக்காமல் அதைத் தின்ன முடியாது, மாட்டுக்கும் ஆகாது. 1920-களின் கடைசியில் ஜெர்மனியில் ராயின்ஹோல்ட் ஃபொன் செங்புஷ் ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்துக் கசப்பற்றவற்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் லூபின் நேரடித் தீவனமாக மாறியது. உணவுக்கும் தீவனத்துக்கும் ஏற்ற இனிப்பு ரகம் என்றால் ஆல்கலாய்டு 0.02 சதவீதத்துக்குள், அதாவது கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் வைத்திருக்கும் அளவுகோல். மூட்டை வாங்கும்போது 'இனிப்பு ரகம்' என்ற எழுத்தோடு நின்றுவிடாமல், அந்தத் தொகுதியின் ஆல்கலாய்டு அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் தீவனத்துக்கென்று விதை வாங்காதீர்கள்.

இன்னொரு குழப்பம் பெயரில் வருகிறது. கேப் பகுதியில் அகல இலை லூபின், குறுகிய இலை லூபின் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அகல இலை என்பதுதான் வெள்ளை லூபின்: பெரிய, தட்டையான, பாலாடை நிற விதை. குறுகிய இலையின் விதை அதில் பாதிகூட இராது, உருண்டையாக இருக்கும். புரதம் வெள்ளையில் 36 சதவீதம் வரை, குறுகிய இலையில் 30 அல்லது 32. எண்ணெயும் வெள்ளையில்தான் அதிகம், 10 சதவீதத்தை ஒட்டி. ஆனால் நோய்க்கு எளிதில் விழுவதும் வெள்ளைதான்.

மூட்டையைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை நூறு விதையை எண்ணி நிறுப்பது. சமையலறைத் தராசு போதும். நூறு விதை 35 கிராம் என்றால் ஆயிரம் விதை 350 கிராம். அடுத்து இன்னொரு நூறு விதையை ஈர மணலில் ஒரு அங்குல ஆழத்தில் வைத்து, நிழலில் பத்து நாள் விட்டு, நேராக நல்ல வேரோடு வந்த நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள். கோணிக்கொண்டு வந்ததையும், வித்திலை உடைந்து வந்ததையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரிய விதை என்பதால் கீழே போட்டு, ஏற்றி இறக்கி, இரும்புத் திருகுக் குழாயில் தள்ளி, உள்ளுக்குள்ளேயே கீறல் விழுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. சீட்டில் 90 என்று அச்சிட்டிருந்து மணலில் 75 வந்தால் காரணம் பெரும்பாலும் இந்தக் கீறல்தான்.

இனி விதை அளவு. சதுர மீட்டருக்கு 40 செடி நிற்க வேண்டும். ஹெக்டேருக்கு அது 4,00,000 செடி. ஆயிரம் விதை 350 கிராம் என்றால் 140 கிலோ. விதைத்ததில் நூற்றுக்கு 80-தான் நின்று பிழைக்கும் என்று வைத்தால் 175 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை ஏழு வேண்டும். குறுகிய இலை லூபினுக்கு இதே கணக்கில் 75 கிலோவே போதும். வெள்ளை லூபினின் பெரிய செலவு இங்கேதான் இருக்கிறது. மூட்டை விலையைக் கேட்டுவிட்டு 'மலிவாகத்தான் இருக்கிறது' என்று நினைப்பவர்கள் ஹெக்டேர் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும். செலவைக் குறைக்க 100 கிலோவில் நிறுத்துவது வீண். செடி நெருக்கமில்லாமல் நின்றால் களை மேலேறிவிடும், இந்தப் பயிரில் களையை அடக்க வழி மிகக் குறைவு.

இனி ஆந்த்ராக்னோஸ் நோய். இந்தக் கொள்முதலில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். கொலெட்டோட்ரைக்கம் லூபினி என்ற பூஞ்சை விதைக்குள் ஒளிந்து வருகிறது. நோயுள்ள ஒரு விதை முளைத்தால் அந்தச் செடியின் தண்டில் புண் தோன்றி, மழைத்துளி தெறிக்கத் தெறிக்க அக்கம்பக்கத்துக்குப் பரவும். அடையாளம் தெளிவானது: தண்டின் நுனி கொக்கிபோல வளைந்து தொங்கும், வளைவின் உள்பக்கத்தில் பழுப்புப் புண், அதன் மேல் காவி கலந்த இளஞ்சிவப்புப் பசை. அந்தப் பசை முழுக்க வித்துத்தூள். காய் பிடித்த பிறகு வந்தால் காய் முறுக்கிக்கொள்ளும், உள்ளே விதை சுருங்கிக் கறை படியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் வெள்ளை லூபின் விளைந்த பகுதியில் 1996-ல் இந்த நோய் நுழைந்தபோது கீவ் மியூட்டன்ட் என்ற ரகம் தாக்குப்பிடிக்காமல் விழுந்தது. அங்கே வெள்ளை லூபின் சாகுபடியே ஏறக்குறைய அற்றுப்போனது. நமது கேப் பகுதியும் இந்த நோயை அறிந்த பகுதிதான்.

எனவே கடையில் கேட்க வேண்டியது: இந்தத் தொகுதி விதை ஆந்த்ராக்னோஸுக்குச் சோதிக்கப்பட்டதா, சோதனைச் சீட்டு எங்கே? முளைப்புத்திறன் சீட்டு வேறு, இது வேறு. தென்னாப்பிரிக்க தேசிய விதை அமைப்பான சான்சோர் சான்றிதழ் ரகத் தூய்மைக்கும் முளைப்புக்கும் நல்ல துணை. ஆனால் நோய்ச் சோதனை செய்ததா என்று தனியாகக் கேட்டே ஆக வேண்டும். எங்கள் பார்வையில் சந்தையில் கிடைக்கும் மூட்டைகளின் ஆகப் பெரிய குறை இதுதான். முளைப்பு, தூய்மை, எடை எல்லாம் அச்சில் இருக்கும். பயிரையே அழிக்கக்கூடிய ஒன்றைப் பற்றி ஒரு வரி இராது. சீட்டு காட்டும் விற்பனையாளருக்குக் கூடுதல் விலை கொடுப்பது சரியான செலவு. திராம் என்ற பூஞ்சைக்கொல்லி பூசிய விதை கிடைத்தால் அதை எடுங்கள், விதையில் தொற்றியிருக்கும் பூஞ்சையை அது குறைக்கும், முழுதாக ஒழிக்காது. பூச்சு நிறமுள்ள விதை மிஞ்சினால் கோழிக்கோ ஆட்டுக்கோ போடக் கூடாது, சமையலுக்கும் ஆகாது.

வயலில் செய்ய வேண்டியவை: போன ஆண்டு லூபின் நின்ற இடத்திலும் அதன் வரப்பை ஒட்டியும் விதைக்காதீர்கள், மூன்று ஆண்டு இடைவெளி விடுங்கள். நோய் தெரிந்த திட்டுக்குள் ஈரம் காயும்வரை கால் வைக்காதீர்கள். காலணி, டிராக்டர் சக்கரம், நாய் எல்லாம் அந்தப் பசையைச் சுமந்து செல்லும். ஓரிரு செடி என்றால் பையில் போட்டு எடுத்து எரித்துவிடலாம். பரவிவிட்ட பிறகு மருந்தடித்து மீட்கலாம் என்று நம்ப வேண்டாம்.

நுண்ணுயிர்ப் பொட்டலத்துக்கு வருவோம். லூபினின் வேர்முடிச்சில் வாழ்வது பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியாவின் தனி இனம். சோயாவுக்கு விற்கும் பொட்டலம் இதற்கு வேலை செய்யாது. குவாசூலு-நட்டாலில் பெரும்பாலான கடைகளில் கைக்கு வருவது சோயாப் பொட்டலம். 'எல்லாம் ஒன்றுதான், பயறு வகைக்குப் போடலாம்' என்று கொடுத்துவிடுவார்கள். ஒன்றல்ல. லூபின் என்றோ, லூபினும் செரடெல்லா என்ற தீவனப் பயறும் என்றோ அச்சிட்டிருக்க வேண்டும். அவை இரண்டுக்கும் ஒரே பாக்டீரியாதான். கூடவே உரம், தீவனம், பயிர் மருந்து பற்றிய 1947-ம் ஆண்டின் 36-ம் எண் சட்டப்படியான பதிவு எண்ணும் காலாவதி நாளும் இருக்கிறதா பாருங்கள். பொட்டலம் குளிர்பெட்டியிலிருந்து வந்ததா, வெயில் படும் அலமாரியிலிருந்து வந்ததா என்பதும் முக்கியம். 4 டிகிரியை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. சூட்டில் கிடந்த பொட்டலத்தில் இருப்பது கரித்தூள் மட்டும்தான், உயிர் போயிருக்கும்.

பூசும் முறை நம் ஊரில் உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் செய்வதுதான். அரிசிக் கஞ்சியை முழுதாக ஆறவிடுங்கள், வெதுவெதுப்புக்கூட ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் மழைநீரிலோ, ஓர் இரவு திறந்த வாளியில் வைத்த தண்ணீரிலோ கஞ்சி காய்ச்சுங்கள். பொட்டலத்தில் சொல்லிய விதை அளவுக்கு மேல் ஒரு பொட்டலத்தை இழுக்காதீர்கள். சாக்கின் மேல் விதையைப் பரப்பி, கஞ்சியில் கரைத்த தூளைத் தெளித்து, கையால் அழுத்தாமல் சாக்கின் மூலைகளைத் தூக்கிப் புரட்டுங்கள். அழுத்திப் பிசைந்தால் விதைத்தோல் கழன்றுவிடும். நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்றைக்கே ஈர மண்ணில் விதைக்க வேண்டும். திராம் பூசிய விதை என்றால் அந்தப் பூச்சு நன்கு காய்ந்த பிறகு, விதைப்புக்குச் சற்று முன்பாக நுண்ணுயிரைப் பூசுங்கள். மழை வருமென்று எதிர்பார்த்துக் காய்ந்த மண்ணில் விதைத்தால் விதை பிழைக்கலாம், பாக்டீரியா பிழைக்காது.

விதைத்து எட்டு வாரத்தில் பத்துச் செடியைக் கடப்பாரையால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கிப் பார்த்தால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். லூபினின் முடிச்சு மற்ற பயறுகளைப் போல மணிமணியாக வராது, ஆணிவேரின் மேல்பகுதியைக் காப்புப் போட்டதுபோலச் சுற்றிக்கொள்ளும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்தைப் பிடிக்கவில்லை. பத்தில் ஏழெட்டுச் செடியாவது சிவப்புக் காட்டினால் பொட்டலம் நன்றாக வேலை செய்திருக்கிறது. முதல் முறை லூபின் பார்க்கும் மண்ணில் பூசாமல் விதைத்த பயிர் ஆறாவது வாரத்தில் மஞ்சளாகித் தேங்கிவிடும். பிறகு யூரியா கொட்டுவது பணத்தைக் கொட்டுவதுதான்.

வேரில் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மணிச்சத்து குறைந்த மண்ணில் வெள்ளை லூபினின் பக்கவேர்கள் பாட்டில் கழுவும் புருசு மாதிரி நெருக்கமாகக் கிளைத்திருக்கும். இந்தக் கொத்துவேர்கள் சிட்ரிக் அமிலத்தைக் கசியவிட்டு, இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கும் பாஸ்பேட்டை விடுவித்து உறிஞ்சுகின்றன. கேப் மலைச்சரிவுகளில் பூக்கும் புரோட்டியாக்களும் இதே வேலையை இதே வடிவ வேரால்தான் செய்கின்றன. தேசிய மலரும் நாம் விதைக்கும் பயறும் ஏழை மண்ணில் வாழ ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. இதனால்தான் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துவைக்கும் குவாசூலு-நட்டால் உள்நாட்டுப் பகுதியான மிட்லண்ட்ஸின் செம்மண்ணில் இந்தப் பயிருக்கு ஒரு தனி வேலை இருக்கிறது என்று நம்புகிறோம். மணிச்சத்து ஹெக்டேருக்கு 10 முதல் 15 கிலோ போட்டால் போதும், அதையும் விதையைத் தொடாமல் பக்கத்தில் இறக்க வேண்டும். தழைச்சத்து போடவே கூடாது. போட்டால் முடிச்சு பிடிக்காது.

மண்ணில் இந்தப் பயிர் பொறுக்காதவை இரண்டு: சுண்ணாம்பும் தேங்கிய நீரும். கூழாங்கல்லாகவோ பொடியாகவோ சுண்ணாம்பு கலந்த மண்ணில் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றது வெளுத்துப்போகும். அதனால், கரும்புக்காகவோ காய்கறிக்காகவோ சுண்ணாம்பு இட்ட கையோடு லூபின் விதைக்காதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே உள்ள செடாரா ஆய்வகத்துக்கு மண் அனுப்பினால் பொட்டாசியம் குளோரைடு முறையில் அளந்த அமிலத்தன்மை எண்ணும் (pH), அமிலச் செறிவு சதவீதமும் வரும். அந்த முறையில் 4.5 முதல் 6 வரை வெள்ளை லூபினுக்கு ஏற்றது. தண்ணீரில் அளந்த எண் ஏறக்குறைய ஒன்று கூடுதலாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். களிமண்ணும் அடியில் இறுகிய தட்டும் உள்ள நிலத்தில் ஒரு வாரம் தண்ணீர் நின்றாலே வேர் அழுகும். அப்படிப்பட்ட வயலுக்கு இந்த மூட்டையை வாங்குவது தவறு, வேறு எதைச் செய்தாலும் சரியாகாது.

விதைப்பில் கெடுவது பெரும்பாலும் ஆழத்தால். லூபின் வித்திலையைத் தூக்கிக்கொண்டு மேலே வரும் பயிர். அவ்வளவு பெரிய வித்திலை மண்ணைப் பிளக்க வேண்டும் என்பதால் 3 முதல் 5 சென்டிமீட்டர்தான் ஆழம். மேலே மண் இறுகிப்போனால் கழுத்து முறிந்து உள்ளேயே சாகும். விதைப்புக் கருவியின் மக்காச்சோளத் தட்டில் இந்த விதை நுழையாது, நுழைந்தாலும் நசுங்கும். பெரிய அவரைக்கான தட்டு வேண்டும். விதைப்புப் பெட்டிக்குள் சிக்கி அடைத்துக்கொள்ளும் தொல்லை வேறு. முதல் இருபது மீட்டர் ஓட்டியதும் இறங்கிக் கிளறி எண்ணாமல் மீதியை ஓட்டக் கூடாது. மாம்ஸ்பரி, மூரீஸ்பர்க் அடங்கிய ஸ்வார்ட்லாண்டில் முதல் மழை விழுந்ததும், ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள் விதைக்க வேண்டும். ஜூனுக்குத் தள்ளினால் பூக்கும் நேரம் வெயிலில் மாட்டிப் பூ உதிரும்.

களைக்கு விதைத்தவுடன் முளைக்கும் முன் அடிக்கும் சிமசின்தான் அடித்தளம். மணலில் பெருமழை பெய்தால் அது வேருக்கு இறங்கிப் பயிரையே சுடும். புல்லினக் களைக்கு முளைத்த பிறகும் மருந்து உண்டு. காட்டு முள்ளங்கி போன்ற அகல இலைக் களைக்கு முளைத்த பின் கையில் அதிகம் இல்லை. ஆகவே அந்தக் களை மண்டிய வயலை ஒதுக்கிவிடுங்கள். முந்தைய கோதுமைக்கு அடித்த சல்போனைல்யூரியா மருந்தின் எச்சமும் லூபினைக் கருக்கும். அந்த மருந்துச் சீட்டில் சொல்லியிருக்கும் இடைவெளி மாதங்களைப் பாருங்கள். எந்த மருந்தானாலும் சீட்டில் லூபின் பெயர் அச்சாகியிருந்தால்தான் அடிக்க வேண்டும்.

பூச்சிகளில் நாற்றுப் பருவத்தில் நத்தையும் வெட்டுப்புழுவும், பூவில் அசுவினி, காயில் பச்சைப் புழு. கசப்பை நீக்கியதால் செடியின் சொந்தக் காவலும் போய்விட்டது. முயல், சிறுமான், கினிக்கோழி, டர்பன் பக்கம் குரங்கு, எல்லாமே இதைத் தேடி வரும். காட்டு ஓரத்தில் கால் ஹெக்டேர் போட்டால் உங்களுக்கு எதுவும் மிஞ்சாது.

குவாசூலு-நட்டாலுக்குள் இதை எங்கே பொருத்துவது? நமக்கு மழை கோடையில், லூபினுக்கு வேண்டிய குளிர்ச்சி குளிர்காலத்தில். சூடும் ஈரமும் சேர்ந்த ஜனவரியில் விதைத்தால் ஆந்த்ராக்னோஸுக்கு நாமே பந்தி விரித்ததாகும். மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில், மழையின் கடைசி ஈரத்தில் விதைத்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாசனம் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் விதைக்காகப் பயிரிடலாம். மிட்லண்ட்ஸ் பனியை இளஞ்செடி தாங்கும், பூ தாங்காது. பள்ளத்து வயலை விட்டுச் சரிவில் போடுங்கள். கரையோரக் கரும்பு நிலத்தில் மறுதாம்பைப் புரட்டிவிட்டு அடுத்த நடவுக்குக் காத்திருக்கும் குளிர்கால மாதங்களில் பசுந்தாளாகப் போடுவது எங்களுக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. சணப்பு கோடையில் செய்வதை லூபின் குளிரில் செய்யும். காய் பிஞ்சாக இருக்கும்போதே, தண்டு கட்டையாகும் முன் மடக்கி உழுதுவிட வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு உள்ள மணலில் மட்டும் எச்சரிக்கை தேவை. லூபின் அந்தப் புழுவுக்குத் தீனியாகும், அடுத்து வரும் கரும்பு அதற்கு விலை கொடுக்கும்.

பசுந்தாளுக்கும் விதைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கு காட்டும். கேப் மழையில் ஹெக்டேருக்கு 1 முதல் 2 டன் எதிர்பார்க்கலாம். ஒன்றரை டன் விதையில் 36 சதவீதப் புரதம் என்றால் 540 கிலோ புரதம்; அதை 6.25-ஆல் வகுத்தால் 86 கிலோ தழைச்சத்து. அது அத்தனையும் மூட்டையில் ஏறி வயலை விட்டுப் போகிறது. 'லூபின் போட்டால் அடுத்த கோதுமைக்கு உரமே வேண்டாம்' என்று சொல்லி விற்பவர்கள் இந்த 86 கிலோவைச் சொல்வதில்லை. மிஞ்சுவது வேரிலும் சருகிலும் உள்ளதுதான். அதுவும் மதிப்புள்ளதே, புல்லினக் களையையும் கோதுமையின் வேர்நோயையும் ஓராண்டு அறுத்துவிடும் பலனும் சேர்ந்து வருகிறது. ஆனால் உர மூட்டையை முழுதாக நிறுத்திவிட முடியாது.

அறுவடை எளிது. செடி இடுப்புக்குக் கீழே நிற்கும், காய்கள் மேலே இருக்கும், தலை சாய்ந்து மண்ணில் கிடக்காது. ஈரம் 12 முதல் 14 சதவீதத்துக்குள் வந்ததும் அறுக்க வேண்டும். கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் குறைத்து, அடித்தட்டு இடைவெளியை அகலமாக வையுங்கள். பிளந்த விதை தொட்டியில் அதிகம் தெரிந்தால் வேகத்தை இன்னும் குறையுங்கள். விதைக்கென்று வைப்பதைக் காலைக் குளிர்ச்சியில் அறுப்பது நல்லது.

தீவனமாக இதற்கு எங்கள் உயர்ந்த மதிப்பு ஆட்டுக்குத்தான். மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை என்பதால் மக்காச்சோளம் போல வயிற்றில் அமிலம் கட்டாது. அரைக்க வேண்டாம், முழு விதையாகத் தரையிலேயே தூவலாம், பொறுக்கித் தின்னும். சோயாவைப் போல வறுக்கவும் வேண்டாம். மாட்டுக்கு உடைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாணத்தில் முழு விதையாக வந்துவிடும். கோழிக்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சேர்த்துக் குறைந்த அளவில் கொடுக்கலாம், அளவு கூடினால் எச்சம் இளகும். பன்றிக்கு வெள்ளை லூபின் வேண்டாம். தீனி எடுப்பதே குறைந்துவிடும், குறுகிய இலை லூபின்தான் அதற்கு ஏற்றது. விலை பேசும்போது புரதத்தை வைத்துப் பேசுங்கள்: 46 சதவீதச் சோயாப் பிண்ணாக்குக்கு எதிரே 36 சதவீத லூபின் என்றால் 100-க்கு 78. அமினோ அமிலக் குறையையும் சேர்த்தால் பிண்ணாக்கு விலையில் முக்கால் பங்குக்கு மேல் கொடுத்து லூபின் வாங்குவது லாபமில்லை.

அறுத்த தாளில் ஆடு மேய்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தாளில் வளரும் ஒரு பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், லூபினோசிஸ் என்பார்கள். தாள் காய்ந்து கிடக்கும்வரை ஆபத்து குறைவு, கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் கூடும். கேப் கோடை வறண்டது. நம் கோடை அப்படியில்லை. மேயவிட்ட ஆடு தீனியில் நாட்டமிழந்து பின்தங்கினாலோ, கண்ணின் வெள்ளை மஞ்சளானாலோ அன்றே மந்தையை வெளியேற்றுங்கள்.

சமையலறைக்கும் ஒரு பத்தி. பூச்சு இல்லாத, ஆல்கலாய்டு அளவு தெரிந்த விதையை இரவு முழுக்க ஊறவைத்து வேகவைத்தால் சுண்டலுக்கு நன்றாக இருக்கும். எத்தனை விசில் விட்டாலும் கொண்டைக்கடலை போலக் குழையாது, தோல் தடிப்பு, பிதுக்கி எடுத்துவிட வேண்டும். வடைக்குத் தனியாக அரைத்தால் மாவுச்சத்து இல்லாததால் எண்ணெயில் உதிரும். பாதிக்குப் பாதி கடலைப்பருப்பு சேருங்கள். போர்த்துகீசியக் கடைகளில் உப்புநீரில் மிதக்கும் மஞ்சள் நிற லூபின் விதை பல நாள் ஊறவைத்துக் கசப்பு எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு யாரும் கசப்பு விதையை வாங்கி நேராக வேகவைக்கக் கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லூபினும் ஒவ்வாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் லூபினை ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்ததும் இதனால்தான். விருந்தினருக்குப் பரிமாறினால் சொல்லிவிட்டுப் பரிமாறுங்கள்.

கடைசியாக, சொந்த விதை. வெள்ளை லூபின் பெரும்பாலும் தன்மகரந்தம்தான் என்றாலும் தேனீ ஒரு பங்கைக் கலந்துவிடும். பக்கத்தில் கசப்பு லூபின் நின்றால் விதை மெல்லக் கசக்கத் தொடங்கும். இரண்டு இனிப்பு ரகங்களை அருகருகே போட்டாலும் இதே ஆபத்து உண்டு: ஒவ்வொரு ரகத்தின் கசப்பின்மைக்கும் வேறு வேறு மரபணு காரணமாக இருக்கலாம், இரண்டும் கலந்தால் பிள்ளைச் செடி கசக்கும். ஆகையால் ஒரே ரகம் போடுங்கள், வயலின் நடுப்பகுதியில் மட்டும் விதை எடுங்கள். அறுத்த விதையில் ஐம்பதை எடுத்துப் பாதியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அயோடின்-பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால், கசப்பு விதையில் செம்பழுப்பு வீழ்படிவு தெரியும். ஒன்றிரண்டு காட்டினாலே அதை விதைக்கு வைக்காதீர்கள். ஆந்த்ராக்னோஸ் ஒரு செடியில் கண்டிருந்தாலும் அந்த ஆண்டுச் சொந்த விதையை மறந்துவிட்டு, மறுபடி சோதனைச் சீட்டுள்ள மூட்டையை வாங்குங்கள். குவாசூலு-நட்டாலில் இருப்பவர்கள் விதையையும் லூபின் நுண்ணுயிரையும் ஜனவரியிலேயே சொல்லிவைத்தால்தான் மார்ச் விதைப்புக்குக் கைக்கு வரும். பொட்டலத்தை மட்டும் விதைக்கும் வாரத்தில் குளிர்பெட்டியில் தருவிக்கச் சொல்லுங்கள்.